ஹைடன் துக்கடா: புதுச்சேரி, கடலூர் நாட்குறிப்பு

வியாழன், புதுச்சேரி

செல்லோவுக்கு முழு டிக்கெட்டா, லக்கேஜ் டிக்கெட்டா என்ற வழக்கு திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் தாண்டித்தான் தீர்ந்தது. கண்டக்டர் நியாயஸ்தர். "ஆள் உட்காருகிற இடத்தில் அது உட்கார்ந்தால் அதுவும் ஆள்தான் அம்மா" என்று முழு டிக்கெட்டே கொடுத்தார். செல்லோ வாசிக்கும் தம்பி அதை ஜன்னலோரம் நிறுத்தி, என் துப்பட்டாவால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி உள்ளே என்ன என்று கேட்டார். பெரிய வயலின் என்றேன். "இதைத் தோளில் வைத்தால் தோள் என்ன ஆவது?" என்றார். மரக்காணம் உப்பளம் வரும்வரை அவருக்குச் செல்லோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நாங்கள் நால்வர். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, ஒரு செல்லோ. மேற்கத்திய செவ்விசையில் இதை ஸ்ட்ரிங் குவார்டெட் என்பார்கள், இந்த நால்வருக்கென்று எழுதிய உருப்படிக்கும் அதே பெயர்தான். இப்படிச் சிறு குழுவாக, ஒரு பகுதிக்கு ஓர் ஆளாக வாசிப்பதுதான் சேம்பர் இசை. குச்சியை அசைத்து வழிநடத்த யாரும் கிடையாது. நான் நெய்வேலியில் பிறந்து, சென்னையில் முதலில் தரையில் உட்கார்ந்தும் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தும் வயலின் கற்றவள். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் வாசித்தேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனால் இன்று எதை வாசிக்கலாம் என்று பின்வரிசையில் இருப்பவளை ஒருவரும் கேட்க மாட்டார்கள். நால்வர் குழுவில் அந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையில் எழுகிறது, சண்டையும் அங்கேயே நடக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கம் வந்தேன். வருமானம் என்னவோ பாதிதான்.

குழுவில் நானும் என் தோழியும் முதல் வயலின், இரண்டாம் வயலின் இடங்களை உருப்படிக்கு உருப்படி மாற்றிக்கொள்வோம். எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1976 முதல் 2023 வரை வாசித்த எமர்சன் குவார்டெட் கடைசிவரை அப்படித்தான் வாசித்தது. இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம் தரம் என்று நினைக்கும் ரசிகர்கள், அதே ஆள் அடுத்த உருப்படியில் முதல் நாற்காலிக்கு வரும்போது சற்று விழிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

தமிழர் பகுதியில் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றில் தங்கல். பெட்டியைத் திறந்தால் வயோலா அண்ணா "ஐயோ" என்றார். கீழ்ப்பக்கம் பலகையும் பக்கச்சட்டமும் சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. ஏசி அறையில் வளர்ந்த மரம் கடல்காற்றைக் குடித்தால் இப்படித்தான் ஆகும்.

வெள்ளி, புதுச்சேரி

காலையில் வீட்டுக்காரம்மா ஒரு தச்சரிடம் அனுப்பினார். பழைய பிரெஞ்சு வீடுகளின் நாற்காலி, அலமாரிகளைப் பழுது பார்ப்பவர். வயோலாவைக் கையில் வாங்கி, விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டு பிடித்திருந்த இடத்தில் ஓசை கெட்டியாக வந்தது. விட்ட இடத்தில் ஒரு சின்னப் படபடப்பு. வெளியே தெரியாத இன்னொரு இடத்தையும் அப்படியே கண்டுபிடித்துப் பென்சிலால் புள்ளி வைத்தார். எங்கள் அண்ணாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"பெவிகால் போட்டால் பிறகு திறக்கவே முடியாது. இதற்கு வச்சிரம்தான்" என்றார். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. வயலின் செய்பவர்கள் உலகெங்கும் இன்றும் அதைத்தான் விரும்புகிறார்கள். மரம் ஈரத்தில் உப்பி இழுக்கும்போது ஒட்டு முதலில் விட்டுக்கொடுக்கும், பலகை வெடிக்காது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு டப்பாவை வைத்து உருக்கினார். நீர்போல ஓடும் பதம் வந்ததும் மெல்லிய தகட்டால் இடுக்கில் செலுத்தி, துணி வைத்து இடுக்கிப் பிடி போட்டார். சாயங்காலம்வரை தொடாதீர்கள் என்றார். தம்பி தன் வழக்கையும் எடுத்துவைத்தான். செல்லோவின் கால்முள் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தச்சர் மூலையில் கிடந்த தேக்குத் துண்டை எடுத்து, நடுவில் ஒரு குழி தோண்டி, நாற்காலிக் காலில் மாட்ட ஒரு கயிறும் கோத்துக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. கச்சேரிக்கு வருவதாகச் சொன்னார்.

வயோலா இல்லாமல் ஒத்திகை இல்லை என்பதால் நடை. மிஷன் வீதியில் சம்பாக் கோயில். வெளியே வெயில், உள்ளே நல்ல நிழல். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தக் கோயிலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1745 அக்டோபரில் எழுதுகிறார். கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் ஐரோப்பியரும் சாதிக் கிறிஸ்தவர்களும், மறுபக்கம் தாழ்த்தப்பட்டவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தாழ்த்தப்பட்டவர்களோடு பேச, அவர்கள் பெரிய சாமியாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை குறிப்பிடும் கட்டடம் இப்போது இல்லை. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது அதுவும் போயிற்று. இன்று நிற்பது பிறகு எழுந்தது.

1745 என்ற எண்ணைப் படித்ததும் தோழி என் கையைக் கிள்ளினாள். நாளைய கச்சேரியில் நாங்கள் வாசிக்கும் இசையமைப்பாளர்கள் இருவர் பிறந்த ஆண்டு அது. இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு நான் தத்துவம் பேசப்போவதில்லை, தற்செயல்தான். ஆனால் அந்த இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒருவர் வெனிஸ் நகரத்து மதலேனா லொம்பார்தினி சிர்மென். அநாதைப் பெண்களுக்கு இசை கற்பித்த அறநிலையம் ஒன்றில் வளர்ந்தவர். வயலின் மேதை தார்த்தினி 1760இல் இவருக்கு எழுதிய கடிதம் இன்றும் வயலின் மாணவர்கள் படிக்கும் பாடம். திறந்த தந்தியில் வில்லை வைத்து, காதில் விழாத அளவுக்கு மெல்லத் தொடங்கி, படிப்படியாகப் பெருக்கி, மறுபடி கரைத்துவிடு, தினமும் ஒரு மணி நேரம் செய் என்கிறார். இன்று காலை முற்றத்தில் அதைத்தான் செய்தேன். வீட்டுக்காரம்மா காபியோடு வந்து "இன்னும் சுருதிதான் சேர்க்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிர்மெனின் ஆறு குவார்டெட்டுகள் 1769இல் பாரிசில் அச்சாயின. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனைத் தவிர அந்தக் காலத்தில் குவார்டெட் எழுதியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பெயர்களில் இவருடையதும் ஒன்று. கல்லூரியில் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மற்றவர் ஜோசப் போலோஞ், செவாலியே தெ சேன் ஜோர்ஜ். கரீபியக் கடலில் பிரான்சின் குவாதலூப் தீவில் பிறந்தவர். தந்தை தோட்ட முதலாளி. தாய் நானோன், அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் பெண். பாரிசில் வாள்வீச்சில் பெயர் எடுத்தார், வயலினில் அதைவிடப் பெயர் எடுத்தார், ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார். அவருடைய முதல் ஆறு குவார்டெட்டுகள் 1773இல் வெளிவந்தன. பிரான்சில் அந்த வடிவில் எழுதப்பட்ட முதல் சிலவற்றுள் அவை சேர்த்தி. 1776இல் பாரிஸ் ஓபராவின் இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. கலப்பினத்தவர் ஒருவரின் உத்தரவுக்கு நாங்கள் பணிவதா என்று முன்னணிப் பாடகிகள் அரசியிடம் மனுக் கொடுத்தார்கள். பதவி கிடைக்கவில்லை.

குவாதலூப் என்றதும் ஐரோப்பாவில் ரசிகர்கள் வரைபடம் தேடுவார்கள். புதுச்சேரியில் அப்படித் தேட வேண்டியதே இல்லை. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1854 டிசம்பரில் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குப் போனவர்கள் 40,000க்கும் மேல், அவர்களில் ஏராளமானோர் தமிழர். சேன் ஜோர்ஜின் தாய் அடிமையாக இருந்த தீவுக்குத்தான் நம் ஆட்கள் போனார்கள். இன்று மாலை வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொன்னபோது, தன் பாட்டியின் பெரியப்பா ஒருவர் "தீவுக்குப் போனவர்" என்று மட்டும் குடும்பத்தில் பேச்சு உண்டு என்றார். எந்தத் தீவு என்று கேட்டேன். ரெயூனியனாக இருக்கலாம், மொரீசியசாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம் என்றார்.

சனி, புதுச்சேரி

கச்சேரி முடிந்து நள்ளிரவில் எழுதுகிறேன்.

முதலில் உருப்படி வரிசை, ஏனென்றால் என் பிழைப்பில் பாதி அதுதான். மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளும் நிகழ்ச்சி அமைப்பு என்று இப்போது எல்லா நாட்டிலும் பேசுகிறார்கள். பேச்சைக் கேட்டால் குளிர்ச்சியாக இருக்கும். வரிசையைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஹைடனுக்கு இருபத்தைந்து நிமிடம், பெத்தோவனுக்கு நாற்பது, நடுவே ஒரு பெண்ணோ கறுப்பினத்தவரோ எழுதிய ஐந்து நிமிடத் துண்டு ஒன்று. அதற்கு மட்டும் "மறக்கப்பட்ட முத்து" என்று ஒரு முன்னுரை. இல்லையென்றால் மார்ச் மாதத்தில் மகளிர் தினத்துக்கென்று தனி மாலை. தனி மாலையிலும் சுவர் இருக்கிறது, விளக்கு மட்டும் நன்றாகப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டில் ஓர் ஏற்பாட்டாளர் பெண் ஒருவரின் முழு குவார்டெட்டை நான் முன்மொழிந்தபோது, "டிக்கெட் விற்காது, ஆனால் நீ இந்தியப் பெண்தானே, ராகம் கலந்து ஏதாவது வாசியேன்" என்றார். அவரோடு அந்தப் பருவம் முடிந்தது.

கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவளுக்கு இந்த அரசியல் புதிதல்ல. வர்ணம் எங்கே, பிரதான உருப்படி எங்கே, கடைசியில் வரும் சின்ன உருப்படியான துக்கடா எங்கே என்பது நமக்கு மனப்பாடம். எதைத் துக்கடாவில் தள்ளுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆகவே இன்றைய வரிசை இது: தொடக்கத்தில் சிர்மென். அடுத்து சேன் ஜோர்ஜ். பிரதான உருப்படியாக ஃபானி ஹென்சலின் குவார்டெட், முழுதாக, நான்கு பகுதிகளும். கடைசியில் துக்கடாவாக ஹைடன், ஒரே ஒரு பகுதி.

ஃபானி, ஜெர்மன் இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சனின் அக்கா. தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது ஆபரணமாகத்தான் இருக்க முடியும் என்று தந்தை 1820இல் அவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. 1834இல் இந்தக் குவார்டெட்டை எழுதினார். தம்பி பாராட்டவும் செய்தார், வடிவம் கட்டுக்குள் இல்லை என்று குறையும் சொன்னார். அக்கா அதைத் திருத்தவே இல்லை. 1847இல் இறந்தார். குவார்டெட் அச்சேறியது 1980களில். கட்டுக்குள் இல்லை என்று தம்பி சொன்னது ஒருவகையில் உண்மைதான். முதல் பகுதி வேகமாகத் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். இவர் மெதுவாகத் தொடங்குகிறார், எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லாமலேயே நம்மை நடத்திக்கொண்டு போகிறார். மூன்றாம் பகுதியில் ஓரிடத்தில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் உரக்க எழுந்து உடனே அடங்க வேண்டும். ஒத்திகையில் அந்த இரண்டு வரிக்காகவே ஒரு மணி நேரம் போயிற்று. வயோலா அண்ணா வில்லின் அடிப்பகுதியில் வாசிக்க வேண்டும் என்கிறார், தோழி நடுவில் என்கிறாள். நடுவில்தான் முடிந்தது.

முற்றத்தின் நடுவில் நான்கு நாற்காலி, சுற்றிலும் திண்ணையிலும் பாயிலும் ஜனங்கள். தச்சர் குடும்பத்தோடு வந்து தூணருகே உட்கார்ந்தார். கண் முழுக்க வயோலாவின் மேல்தான்.

சேன் ஜோர்ஜ் முடிந்ததும் பாயிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டார். "மிருதங்கம் இல்லை, யாரும் கையில் தாளம் போடவும் இல்லை. எல்லோரும் எப்படிச் சேர்ந்து நிற்கிறீர்கள்?" இதைவிட நல்ல கேள்வியை நான் எந்த நாட்டிலும் கேட்டதில்லை. பதில் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. நான் மூச்சை இழுக்காமல், வில்லை மட்டும் அசைத்துத் தொடங்கிக் காட்டினேன். நால்வரும் சிதறினோம். பிறகு மூக்கால் கூர்மையாக ஒரு மூச்சு. அந்த மூச்சின் நீளம்தான் வேகம், அதன் வேகம்தான் ஓசையின் பலம். நால்வரும் ஒன்றாக விழுந்தோம். "நடுவில்?" என்றார் அவர், விடாமல். நடுவில் இரண்டாம் வயலினும் வயோலாவும் ஒரே சுரத்தை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தனியாக வாசித்துக் காட்டினோம். மேலே பாட்டு போகும்போது யார் காதிலும் விழாத வேலை அது. அது நின்றால் பாட்டும் நிற்கும். "அப்படியென்றால் இவர்கள்தான் மிருதங்கம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

துக்கடாவுக்கு வருவோம். ஹைடன் 68 குவார்டெட் எழுதியவர். 1781இல் எழுதிய தொகுதியில் ஒன்றின் கடைசிப் பகுதி முழுக்கக் குறும்பு. முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் நிறுத்துவார், கைதட்டத் தொடங்கினால் மறுபடி ஒரு துணுக்கு வரும். இரண்டு முறை ஏமாந்து கைதட்டிய கூட்டம் மூன்றாம் முறை உஷாராகக் காத்திருந்தது. உண்மையிலேயே முடிந்துவிட்டபோது ஒருவரும் தட்டவில்லை. தச்சரின் பேத்திதான் முதலில் சிரித்தாள். ஹைடனுக்கு இந்த இடம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். தம்பிக்கு மட்டும் வருத்தம், முழு ஹைடனும் வாசித்திருக்கலாம் என்கிறான்.

ஞாயிறு, புதுச்சேரி

ஓய்வு. ஈ தந்தியில் துரு. மாற்றினேன். கடற்கரைச் சாலையில் நடந்தோம். பெத்தோவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரொமென் ரோலனின் பெயரில் இங்கே ஒரு வீதியும் பழைய நூலகமும் இருப்பதை, பெரிய பெயர்களைத் துக்கடாவில் தள்ளாதே என்று வாதாடும் தம்பி எனக்கு எதிரான சாட்சியமாகக் காட்டினான். சாட்சியம் ஏற்கப்பட்டது. வழக்கு நிலுவையில்.

திங்கள், கடலூர்

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியகோயில், தென்பெண்ணைப் பாலம். ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். புதுச்சேரியில் மேற்கத்திய இசை என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. கடலூரில் ஆட்டோக்காரர் செல்லோவைப் பார்த்துவிட்டு எந்தக் கல்யாணம் என்று கேட்டார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளி மண்டபம். மேடை ஆளுயரம், ஏறப் படிகள் மட்டும். சக்கர நாற்காலியில் வரும் இருவரும் கடைசி வரிசையில் தூண் ஓரம்தான் நிற்க முடியும் என்றார்கள். மேடையை விட்டுவிட்டோம். மண்டபத்தின் நடுவில் தரையில் நாற்காலி போட்டு, சுற்றி வட்டமாக ஆட்களை உட்காரவைத்தோம். சக்கர நாற்காலிகள் முதல் வட்டத்தில். குழந்தைகள் எழுந்து நடக்கலாம், போகலாம், வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். இதற்கெல்லாம் பெரிய நிதியுதவி வேண்டாம். மேடையில்தான் வாசிப்பேன் என்று அடம்பிடிக்காமல் இருந்தால் போதும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் தச்சரின் பலகை செல்லோவைக் காப்பாற்றியது.

இன்று பிரதான உருப்படி ஃபுளாரன்ஸ் பிரைசின் ஏ மைனர் குவார்டெட், 1935இல் எழுதியது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 1887இல் பிறந்த கறுப்பினப் பெண். 1933இல் இவருடைய சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் சிம்பொனியை அந்த நாட்டின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. அப்படியும் பத்து ஆண்டுகள் கழித்துப் புகழ்பெற்ற ஓர் இசை நடத்துநருக்குக் கடிதம் எழுதும்போது, பெண்ணாக இருப்பதும் கறுப்பு ரத்தமும் தனக்கு இரண்டு தடைகள் என்று தொடங்க வேண்டியிருந்தது. 1953இல் காலமானார். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், கோடைக்காலத்தில் அவர் தங்கிய வீடு பாழடைந்து கிடந்தது. அதை வாங்கியவர்கள் உள்ளே போனால் பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் பிரதிகள். கூரையில் ஓட்டை வேறு.

குவார்டெட்டின் மூன்றாம் பகுதி ஜூபா. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் ஆடிய ஆட்டம். மேளம் அடிக்கத் தடை இருந்த இடங்களில் கையையும் தொடையையும் மார்பையும் தட்டித் தாளம் எழுப்பினார்கள். அதை முன்னுரையில் நான் சொல்லவில்லை. முதல் வட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாசிப்பு தொடங்கியதும் தன் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். நாலு ஆவர்த்தனம் சுகமாகப் போயிற்று. பிறகு பிரைஸ் அழுத்தத்தை அடியிலிருந்து அரை இடம் தள்ளிவிடுகிறார். பெரியவரின் கை காற்றில் நின்றது. தலையைச் சாய்த்து இரண்டு வட்டம் கேட்டார். உள்ளங்கையைத் திருப்பி வீச்சை மாற்றி மறுபடி பிடித்துக்கொண்டார். அருகில் இருந்த பிள்ளைகளும் அவரைப் பார்த்துத் தொடையைத் தட்டினார்கள். வாசித்துக்கொண்டே சிரிப்பை அடக்குவது வயலினில் கஷ்டம், முகவாய்க்கட்டை நழுவும்.

கச்சேரிக்குப் பிறகு அவர் வந்தார். அண்ணாமலை நகரில் படித்து, இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைய வரிசைத்தாளைக் கையில் வைத்திருந்தார். "இந்த அம்மாவை நடுவில் வைத்திருக்கிறீர்கள். நல்லது. எங்கள் வாத்தியார் சொல்வார், ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கச்சேரியிலேயே தமிழ்ப் பாட்டு துக்கடாதான். 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டி அதைக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் தமிழிசைச் சங்கம். அப்போதும் சங்கீதம் கெட்டுப்போகும் என்று பெரிய பெரிய வித்வான்கள் சொன்னார்கள்." கெட்டுப்போயிற்றா ஐயா என்று கேட்டேன். "இன்றைக்குக் கேட்டீர்கள் அல்லவா, உங்கள் சங்கீதம் கெட்டுப்போயிற்றா?" என்றார்.

நாளை ராஜேந்திரப்பட்டினம் போங்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

செவ்வாய், விருத்தாசலம்

நால்வரும் வாடகை வண்டியில் போனோம். விருத்தாசலம் தாண்டி ஜெயங்கொண்டம் சாலையில் ராஜேந்திரப்பட்டினம். பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர், தலமரம் வெள்ளெருக்கு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர், கூடவே மனைவி மதங்கசூளாமணியார். பாணர் குலம் என்பதால் கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள்.

பெரியபுராணம் சொல்லும் கதை இது. மதுரையில் இவர் வெளியே நின்று வாசிக்க, உள்ளே அழைத்து வரும்படி இறைவன் அடியார்களுக்கு உணர்த்துகிறார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து யாழை எடுத்தால் வானத்தில் ஒரு குரல். தரையின் ஈரம் தாக்கினால் நரம்பின் இறுக்கம் கெடும், பலகை இடுங்கள் என்கிறது. தம்பி இதைக் கேட்டதும் வண்டியில் கிடந்த தேக்குப் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தந்தி வாத்தியம் வாசிக்கும் எங்களுக்குப் புராணங்களிலேயே மிகவும் நம்பக்கூடிய இறைவாக்கு இதுதான். உள்ளே வா என்றதோடு நிற்கவில்லை, வாத்தியத்துக்கு என்ன வேண்டும் என்றும் யோசித்திருக்கிறது.

திருவாரூரில் நடந்ததாகச் சொல்வது வேறு. அங்கே இவருக்காக வடக்கே தனி வாசல் வகுக்கப்பட்டது, அந்த வழியாக உள்ளே போனார். அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்குப் பலகை பிடித்திருக்கிறது, தனி வாசல் பிடிக்கவில்லை. தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "வெளியே நிற்பவனுக்கு எந்த வாசலும் வாசல்தான். மகளிர் தினக் கச்சேரி இல்லாவிட்டால் சிர்மென் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது" என்றாள். உண்மைதான். அந்தத் தனி மாலை ஒன்றில்தான் இருவரும் முதன்முதலில் அவரைக் கேட்டோம்.

இன்னொரு கதையும் இந்த ஊருக்கு உண்டு. திருமுறைகண்ட புராணம் சொல்வது. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்துவிட்டன, பண் எது என்று சொல்ல ஆள் இல்லை. அரசனும் நம்பியாண்டார் நம்பியும் தேடிக் கடைசியில் வந்து சேர்ந்தது எருக்கத்தம்புலியூருக்கு, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம். அவர்தான் பண் அடைவு வகுத்துக் கொடுத்தார். நாட்டில் எல்லோரும் பதிகத்தைப் பாடுகிறோம். அந்தப் பெண்ணின் பெயரைக் கதை சொல்லவில்லை.

கோயிலில் வெயில் தாழ்ந்த நேரம். வாசிக்கலாமா என்று குருக்களைக் கேட்டோம். வெளி மண்டபத்தில் வாசியுங்கள் என்றார். ஜூபா வாசித்தோம், பலகையோடு. கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர், ஓர் ஆட்டுக்காரர் உட்பட.

திரும்பும் வழியில் விருத்தாசலம் பஸ் நிலையம் அருகே டீக்கடையில் அடுத்த பருவத்து வரிசையை எடுத்துவைத்தோம். நேற்றுப் பெரியவர் விடைபெறும்போது ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஜூபாவில் கை தவறிய இடம் எது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை, இதே மண்டபத்தில் இதே உருப்படியை மறுபடி வாசிக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் அபூர்வம். இப்படிப்பட்டவர்களின் உருப்படிகளை ஒரு முறை வாசித்துப் படம் எடுத்துப் போட்டதும் மூடிவைத்துவிடுவோம். பெத்தோவனை யாரும் ஒரு முறை வாசித்துவிட்டு நிறுத்துவதில்லை. ஆகவே கடலூரில் பிரைஸ் மறுபடி உண்டு, அது முடிவாகிவிட்டது. ஃபானியும் புதுச்சேரிக்கு மறுபடி.

முடிவாகாதது தம்பியின் மனு. பெத்தோவனின் பதினாறில் ஒன்று, முழுதாக, பிரதான உருப்படியாக. வயோலா அண்ணா அவன் பக்கம் சாய்ந்துவிட்டார். தோழி இன்னும் பேசவில்லை. ஹைடன் உட்கார்ந்த இடத்தில் பெத்தோவனும் உட்காரட்டும், ஆறு நிமிடம் தருகிறேன் என்றேன். எட்டாவது வேண்டும் என்கிறான் தம்பி. சென்னை பஸ் வந்துவிட்டது, மீதியை உள்ளே பேசிக்கொள்கிறோம்.